மாமாவின் பியட்டில் எட்டு மூட்டை உப்பு

மரக்காணம்,
13-8-2006, ராத்திரி பத்தரை.

மதிப்புக்குரிய பாலகுரு மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் நிவேதா வணங்கி எழுதுவது.

மாமா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சார்ஜாவில் உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கடலூர்க்காரரிடமும் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். பாதியில் கோபம் வந்தாலும் போனைக் கையில் எடுக்காதீர்கள். அம்மாவும் அப்பாவும் அடுத்த அறையில் தூங்குகிறார்கள். நான் போர்வைக்குள் டார்ச்சு வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தால் பாதி, போர்வையால் பாதி.

இங்கு அம்மா சௌக்கியம், அப்பா சௌக்கியம், நான் சௌக்கியம். வழக்கமாக இதற்கு அடுத்து 'உங்கள் பியட் காரும் சௌக்கியம்' என்று எழுதுவேன். பிப்ரவரி மாதத்திலிருந்து அப்படி எழுதிய ஆறு கடிதங்களும் பொய், மாமா.

போன வருஷம் நீங்கள் லீவு முடிந்து கிளம்பும்போது வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் நீதான் ஓனர்" என்றீர்கள். அம்மாவையும் அப்பாவையும் விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என்னிடம் கொடுத்தீர்கள். அந்தப் பெருமையில்தான் எல்லாம் நடந்தது. நவம்பர் மாதம் பெய்த மழை உங்களுக்கே டிவியில் தெரிந்திருக்கும். உங்களுக்குப் பெண் பார்க்க இடையஞ்சாவடிக்குப் போன அம்மா, ரோட்டில் தண்ணீர் ஏறியதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். அப்பா, இரும்பு கேட்டும் ஜன்னலும் அடிக்கிற தன் பட்டறையில், வெல்டிங் செட்டை நனையாத இடம் தேடித் தூக்கிக்கொண்டு அலைந்தார். நம் உப்பளத்து உப்பில் கடைசி எட்டு மூட்டை, ஏற்ற வேண்டிய லாரி வராததால், வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. சாயங்காலம் அடித்த காற்றில் தார்ப்பாய் பறந்து போய்விட்டது. உப்பு கரைந்தால் அம்மா என்னைக் கரைத்துவிடுவார். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மேட்டில் இருக்கிற ஷெட்டிலும் தரை ஊறிவிட்டது, உங்கள் வண்டிக்குள் மட்டும் சொட்டுத் தண்ணீர் படவில்லை. நான் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். மூட்டை தூக்க வந்த ஆள் தயங்கினார். "பாப்பா, காருக்குள்ளயா?" என்று கேட்டார். "ஓனர் நான்தான், ஏத்துங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன், மாமா.

நான்கு நாள் கழித்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "எவன் என் தம்பி வண்டில உப்ப ஏத்தினது?" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நான்தான் ஏத்தினேன், இப்ப இன்னான்ற?" என்றார். அம்மா ஒரு மணி நேரம் திட்டினார். திட்டி முடித்து, "சரி, ஏத்தினது ஏத்தியாச்சு. மழைக்கப்புறம் வெல ஏறும், அதுவரைக்கும் அங்கியே இருக்கட்டும்" என்றார். இந்தக் கடைசி வரி இப்போது அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

பிப்ரவரியில் விலை ஏறியது. ஆட்கள் வந்து பின்சீட்டில் இருந்த மூட்டையை இழுத்தார்கள். மூட்டை வந்தது. அதோடு வண்டியின் தரையும் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். வண்டியின் நடுவில் இருந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக் கோழி என்னை நிமிர்ந்து பார்த்தது.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பாலைவனத்துல வெந்து வாங்கின வண்டி. இதுல ஏறித்தான் மாப்ள அழைப்புக்குப் போவேன்னு சொல்லிட்டிருக்கான். இதப் பாத்தான்னா அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டான். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்று அழுதார். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். விரலால் குத்திய இடமெல்லாம் விரல் உள்ளே போனது. "அழுவாத. நானே கட்டித் தர்றேன்" என்றார். "கேட்டு அடிக்கிறவரு காரு கட்டப் போறாராம்" என்றார் அம்மா. "கேட்டும் தகடு, காரும் தகடு. எனக்கு இன்னா பயம்?" என்றார் அப்பா.

பயம் மறுநாளே வந்தது. கேட்டில் ஒரு கம்பி துருப்பிடித்தால் அதை மட்டும் அறுத்து எடுப்பது போல, கதவுகளுக்குக் கீழே ஓடும் உளுத்த பாகத்தை அப்பா இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். பியட்டுக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது, உடம்புதான் சட்டம் என்பது அறுத்த பிறகுதான் தெரிந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நடுவில் உட்கார்ந்தது. திறந்த கதவு மூடவில்லை, மூடிய கதவு திறக்கவில்லை. மூடிய கதவுக்குள் அப்பா இருந்தார். எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாயவன் வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "ஏம்பா கலியமூர்த்தி, டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டார். அப்பா தரையில் இருந்த ஓட்டை வழியாகவே வெளியே வந்தார். ஜாக்கியும் பனங்கட்டையும் வைத்து வண்டியை நிமிர்த்தி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்பு ஆங்கிள் அடித்து நிறுத்த இருபது நாள் ஆனது.

அடுத்தது மட்கார்டு. தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் தட்டினால் குழிந்து வளையும் என்று பாண்டிச்சேரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மணல் மூட்டை இல்லை, உப்பு மூட்டை இருந்தது. அப்பா அதன்மேல் வைத்து இரண்டு நாள் தட்டினார். மாமா, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டையான தகடு தட்டத் தட்ட மூச்சு இழுப்பது போல மேலே எழும்பியது. சாயங்காலம் அது நிஜமான மட்கார்டாக இருந்தது. காலையில் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. தட்டும்போது பொடிந்த உப்பெல்லாம் தகட்டில் ஏறி ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடித்துவிட்டது. அப்பா இனி மணல்தான் என்று சாக்கை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிக்கொண்டு வந்தார். கடற்கரையிலிருந்து. இரண்டாவது மட்கார்டும் ஆரஞ்சு. மூன்றாவதற்கு, வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஆற்று மணல் வாங்கி வந்து தட்டினார். அது அருமையாக வந்த சந்தோஷத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று நீங்கள் குடித்திருக்கிறீர்கள். நான்காவது மட்கார்டிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீரை நான் குடத்தில் பிடித்து வந்தேன். "குடிக்கவே தண்ணி இல்ல, இவரு காரக் குளிப்பாட்றாரு" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து குழாயடிக்குப் போகும்போது ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு போனார்.

பின்பக்கம்தான் பெரிய பிரச்சினை. டிக்கி இருந்த இடத்தில் துரு மட்டும் இருந்தது. பார்த்துச் செய்யலாம் என்றால் நம் பக்கத்தில் இன்னொரு பழைய பியட் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே போட்டோ. அதில் நீங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கிறீர்கள். வண்டியின் பின்பாதியை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், மாமா. அப்பா அந்தப் போட்டோவை லென்ஸ் வைத்து ஒரு வாரம் பார்த்தார். "உன் மாமன் நாலு இஞ்சி தள்ளி நின்னிருந்தா எனக்கு இந்தக் கஷ்டமே இல்ல" என்றார். கடைசியில் போட்டோவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, என் பள்ளிக்கூடச் சார்ட்டைக் கேட்டார். நான் கிரகங்கள் வரைந்து வைத்திருந்த சார்ட். அதை வெட்டி அளவு எடுத்தார். சனிக் கிரகத்தின் வளையம் இருந்த துண்டில்தான் உங்கள் இடது பக்க விளக்கு வருகிறது. சார்ட் எங்கே என்று டீச்சர் கேட்டபோது, மாமா வண்டியில் இருக்கிறது என்றேன். முட்டி போட வைத்தார்கள்.

அந்தப் பின்பக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கரையில் கவிழ்த்து வைத்த படகைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி வழுக்கிக்கொண்டு இறங்குமோ, அப்படி. பதினோரு துண்டுத் தகடு. எது எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அப்பாவின் உள்ளங்கை வெல்டிங் பட்டுப் பட்டுக் காய்த்துவிட்டதால் அவருக்கு மேடு பள்ளம் தெரிவதில்லை. அதனால் என்னைக் கூப்பிடுவார். "கண்ண மூடிட்டுத் தடவும்மா. எங்க தட்டுதுன்னு சொல்லு" என்பார். நான் சொன்ன இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டு மறுபடி தட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது வட்டம். பிறகு முப்பது. பிறகு ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் தடவிவிட்டு, "எங்கயும் தட்டலப்பா" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் கேட்டு அடிக்கிற கை சும்மா இருக்காது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கம்பி கிரில் உளுத்துப் போனதால் புதிதாகச் செய்தார். நடுவில் உதிக்கிற சூரியன், இரண்டு பக்கமும் கதிர்கள். கோட்டக்குப்பத்தில் பாதி வீட்டு ஜன்னல்களில் இருப்பது அதுதான். டிக்கியில், பூட்டுத் தொங்கவிட வளையம் வைத்துவிட்டார். கேட்டால், "கை தானா வச்சிடிச்சி" என்கிறார். மாயவன் வந்து பார்த்து, "உன் மச்சான் வந்தான்னா வண்டில ஏறுவானா, வீடுன்னு நெனச்சிட்டுக் காலிங் பெல் தேடுவானா?" என்று கேட்டார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இதெல்லாம் என்னால். அவர் ஒரு தடவைகூட "நீதானே ஏத்தின" என்று என்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மே மாதம் நீங்கள் போனில், "மச்சான், வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடிங்க, கேக்கணும் போலருக்குது" என்றீர்களே. அப்போது எஞ்சின் கழுவுகிற தொட்டியில் இருந்தது. அப்பா பேட்டரியையும் ஹாரனையும் ஸ்டூல்மேல் வைத்து ஒயரைத் தொட்டு அடித்தார். நான் பக்கத்தில் மாயவனின் மொபெட்டை முறுக்கினேன். "ஆஹா, என் தங்கம்" என்றீர்கள். நான் அன்று அழுதேன்.

அதனால் மாமா, என் வேண்டுகோள். இருபத்தைந்தாம் தேதி ஏர்போர்ட்டில் இறங்கியதும் நேராக இடையஞ்சாவடி மண்டபத்துக்குப் போய்விடுங்கள். இங்கே வராதீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணம் நல்லபடியாக முடிந்து, நீங்கள் சந்தோஷமாக இருக்கிற ஒரு நாளில் நானே வண்டியைக் காட்டுகிறேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றால் என்னோடு மட்டும் பேசாமல் இருங்கள். அப்பாவோடும் அம்மாவோடும் பேசுங்கள்.

பெரியவரான உங்களுக்கு என் நமஸ்காரம். வரப்போகிற அத்தைக்கு என் அன்பு. சாமி உங்களுக்கு நிறைய பொறுமை கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் முன்னாள் ஓனர்,
க. நிவேதா, பத்தாம் வகுப்பு.

பின்குறிப்பு, 14-8-2006 ராத்திரி: மாமா, நேற்று மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் மண்டபத்துக்குப் போகாதீர்கள். முதலில் இங்கேதான் வர வேண்டும். இன்று மத்தியானம் பெயிண்ட் காய்ந்தது. உங்கள் பழைய பால் நிறம் எங்கேயும் கிடைக்காமல் அப்பா தானாகக் கலந்தார். விடிகிற நேரத்தில் உப்புப் பாத்தியில் தண்ணீர் ஒரு நிறமாக இருக்குமே, நீலமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், அந்த நிறம். சாயங்காலம் முதல் தடவையாக ஷெட்டை விட்டு வெளியே எடுத்து, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு உப்பளத்துப் பாதையில் ஓட்டினார். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள். வேலை செய்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தர்கூடக் கிண்டல் செய்யவில்லை. மாயவன் சைக்கிளிலிருந்து இறங்கி, வழி விட்டு, ஓரமாக நின்றார். அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வந்ததும், "இன்னொரு சுத்து போங்க" என்றார். இப்போது வண்டி வாசலில்தான் நிற்கிறது. ஷெட்டுக்குள் விட யாருக்கும் மனசு வரவில்லை. மாமா, நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் வந்து அதை ஒரு தடவை பார்த்தால் போதும். பார்த்த பிறகு அதை எங்களிடமே விட்டு...

வெளியில் ஏதோ டாக்சி வந்து நின்றது. கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டார், யாரு என்று கேட்கிறார்.

"அக்கா, நான்தாங்க்கா, பாலகுரு. சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். கதவத் தொற. ஏங்க்கா, வாசல்ல நிக்குதே, யாரு வண்டிக்கா அது? அடேயப்பா!"