ஜெயித்தது என் பிரிட்டிஷ் கார்தான்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். காரின் மானப் பிரச்சினை.

என்னுடையது எழுபத்தொன்றில் வாங்கிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கழற்றும் கூரை, சிங்கம் மாதிரி உறுமல். எங்கள் ஆஸ்திரேலிய ஊரான பல்லாரட்டின் குளிரில் அதை எழுப்ப முக்கால் மணி நேரம் ஆகும். எழுந்தால் ஒழுகும். எண்ணெயை விடும், என்னை மட்டும் விடாது.

பக்கத்து வீட்டு மெர்வின் அதே வருஷத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். என் நிம்மதி போயிற்று.

“சாவியைத் திருப்பினாருங்க. கிளம்பிடுச்சு!” என்றாள் என் மனைவி நோரீன், ஏதோ அதிசயம் பார்த்தவள் போல.

“கிளம்பறது ஒரு பெருமையா?”

“காருக்கு அதுதாங்க வேலை. ஹீட்டர் போட்டா நிஜமாவே சுடுது.”

“கெட்டில்கூடத்தான் சுடும். அதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லுவியா?”

“நம்மளதுல தள்ளுற நாமதான் ஸ்போர்ட்ஸ்.”

பொறுக்கவில்லை. வேலிக்கு மேலாக மெர்வினைப் போட்டிக்கு அழைத்தேன். சனிக்கிழமை ஏரியைச் சுற்றி ஓட்டுவது, நோரீன் நடுவர். எதற்கெல்லாம் மார்க் என்று நானே எழுதினேன்: அழகு, உறுமல், தோல் இருக்கையின் வாசனை, பரம்பரை. கிளம்புவது, நனையாமல் வீடு சேர்வது இரண்டையும் சாமர்த்தியமாக விட்டுவிட்டேன்.

நோரீன் படித்தாள். சண்டை போடவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஜெயிக்கிறவருக்குத் தோக்கிறவர் காருன்னு வெச்சுக்கலாமா?”

“தாராளமா!” என்றேன்.

“எனக்கும் சம்மதம்,” என்றார் வேலிக்கு அந்தப்புறமிருந்து மெர்வின், நான் வாயை மூடுவதற்குள்.

சனிக்கிழமை மழை. மெர்வினின் கார் தையல் மிஷின் மாதிரி சத்தமில்லாமல் ஏரியைச் சுற்றி வந்தது. என் கார்க் கூரை ஒழுக, நான் ஒரு கையில் குடை பிடித்து ஓட்டினேன். பாதியில், அன்னங்கள் மேயும் இடத்தில், கார் நின்றுவிட்டது. மெர்வின் இறங்கி வந்து தள்ளினார். ஆனாலும் என் பட்டியல் என் பட்டியல்தானே! நாற்பதுக்கு நாற்பது எனக்கு. தோற்ற மெர்வின் சிரித்துக்கொண்டே என் கையைக் குலுக்கினார்.

“அப்ப ரெண்டு காரும் நம்மளுதா?” என்று துள்ளினேன்.

“ஷெட்டுல ஒண்ணுக்குத்தானே இடம்? மனுஷன் பாவம், நடந்தா போவாரு? உங்க காரை அவருக்குக் குடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“கேட்டா விடுவீங்களா? காரை மாத்திக்கலாமான்னு மூணு வாரமா என்கிட்ட கெஞ்சறாரு. ரிட்டயர் ஆனவரு. ஜப்பான் கார்ல ரிப்பேரே வரமாட்டேங்குதாம், பொழுதே போகலையாம்.”

“இது அநியாயம், நோரீன்!”

“என்னங்க அநியாயம்? ஜெயிச்சது நீங்கதானே?”

ஜெயித்தவன் எங்கே போய் முறையிடுவது? ஜப்பான் காரில் நோரீன் ஜோராகத் தங்கை வீட்டுக்குப் போய் வருகிறாள். வேலிக்கு அந்தப்புறம், என் காருக்கு அடியில் மெர்வின் விசிலடித்தபடி படுத்திருக்கிறார்.

ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவன் நான்.