மீன் தொட்டி மேசைக்கு வாங்கிய பலகை

மீன் தொட்டி வைக்கிற மேசைக்கு எவ்வளவு மரம் வேண்டுமோ அவ்வளவுதான் வாங்குவேன், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இந்த வீட்டுப் படி ஏறாது என்று அவர் அறிவித்துவிட்டார். ஊருக்கு அல்ல, அடுப்படியில் நின்ற மனைவிக்கு.

அவள் கேட்டது சமையலறைச் சுவரில் பலகை. பையன் தவழ ஆரம்பித்ததிலிருந்து தரையில் எந்தப் பாத்திரமும் நிமிர்ந்து நின்றதில்லை. முந்தின நாள் மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரருக்கோ மீன்தான் பெரிது. மீன் இன்னும் வாங்கவில்லை. தொட்டிதான் வந்திருந்தது.

அளவு நாடாவைப் பையன் வாயிலிருந்து பிடுங்கித் துடைத்தார். கால், சட்டம், மேல்பலகை, கீழ்ப்பலகை என்று முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். ஐந்து பலகை போதும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"ரம்பம் தின்னுறதையும் சேர்த்தீங்களாங்க?"

அவர் விழித்தார். ரம்பம் தின்னுமா?

"அது என்னது?"

"அறுக்கிறப்ப தூளாப் போகுமே, அது."

"அதைச் சேர்க்காம இருப்பேனா?" என்றவர், திரும்பி நின்று ஒன்று கூட்டிக்கொண்டார்.

காய் நறுக்கிக்கொண்டே, பலகை நுனி எப்பவும் பிளந்துதான் வரும் என்று எங்கப்பா சொல்வார் என்றாள். மாமனார் பேச்சு அவருக்கு ஆகாது. ஆனாலும் இன்னொன்று கூட்டினார்.

"போன தடவை முக்காலி செஞ்சீங்களே..." என்று ஆரம்பித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மேலே சொல்ல என்ன இருக்கிறது? அந்த முக்காலியில் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லோரும் சன்னல் பக்கம் சாய்ந்துதான் பேசினார்கள். அவர் முறைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மரக்கடைக்காரர் எத்தனை என்று கேட்டதும், முக்காலி கண்முன் வந்து நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் தானாக எட்டு என்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். ஒரு வெட்டும் தப்பவில்லை. மேசை ஆடாமல் அசையாமல் நின்றது. அவள் உண்மையாகவே அசந்துபோனாள். இதைப் பார்க்கத் தன் அப்பா இல்லையே என்றுகூடச் சொன்னாள். அவர் தலை கூரையைத் தொட்டது.

சுவரோரம் மூன்று முழுப் பலகை சாய்ந்திருந்ததை அதன் பிறகுதான் கவனித்தார். கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம் என்று குனிந்தார். ஒன்றை அதற்குள் அவள் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனார்.

சமையலறைச் சுவரில் இரும்புத் தாங்கிகள் வரிசையாக இருந்தன. அவர் மரக்கடையில் நின்ற நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் அடித்துக் கொடுத்தாராம். பலகை அலுங்காமல் போய் உட்கார்ந்தது. பாத்திரமெல்லாம் மேலே ஏறியது. கீழே பையன் கையை நீட்டிப் பார்த்து அழுதான்.

"மரம் மிஞ்சும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. ஒண்ணும் மிஞ்சலைன்னா, மேசையையே இங்க தூக்கிட்டு வந்திருப்பேன்."