டொக்டொக் அண்ணா தட்டிய கதவு

தாம்பரத்துக்குத் தெற்கே எந்தத் தெருவில் தேடினாலும், பூட்டிக் கிடக்கிற தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, கொஞ்சம் காத்திருந்து, அப்புறம் சாவி போட்டுத் திறக்கிற மனிதர் டொக்டொக் அண்ணா ஒருவர்தான். தனிக்கட்டை. உள்ளே ஈ காக்கா கிடையாது.

"உள்ள யாருண்ணா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நமக்கு இன்னா தெரியும் சார்? தட்டிட்டுப் போறதுதான் மரியாதி."

அன்று ராஜகீழ்ப்பாக்கம் வந்து என் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

வண்டலூரைத் தாண்டி ஒரு முட்டைக் கோழிப் பண்ணை. ஐயாயிரம் கோழி. நான் மேனேஜர், அவர் ஷெட்டுக்குப் பொறுப்பு. முதலாளி கூண்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கோழிகள் இஷ்டத்துக்கு நடமாடுகிற மாதிரி புது ஷெட் போட்டிருந்தார். கீழே உமி பரப்பிய தரை. மேலே மாடி மாடியாக இரும்புத் தட்டுகள், முட்டையிட மறைவான பெட்டிகள், உட்காரக் கம்பிகள். சாயங்காலம் தரை விளக்கு முதலில் மங்கும், உச்சி விளக்கு கடைசியில். வெளிச்சத்தைத் தேடிக் கோழிகள் மேலே போய் அடைந்துகொள்ள வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிரண்டால் போச்சு. அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் சாகும். முதல் மாதமே நான் பெரிய சூரப்புலி மாதிரிக் கதவைப் படாரென்று திறந்து, அதைக் கண்ணால் பார்த்தேன்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழையபடி கூண்டுதான் சார்" என்றார் முதலாளி. பழைய கூண்டுகள் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி அடுக்கியே இருந்தன. காற்றடித்தால் கடகடவென்று ஆடும். அண்ணா அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். டொக், டொக், டொக். ஒரு இடைவெளி. அப்புறம்தான் கதவு. அதோடு விட்டாரா? சட்டை நிறம் மாறினால் கோழி மிரளும் என்று ஒரே நீலத்தில் ஆறு சட்டை தைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கும் அதே நீலம், எழவுக்கும் அதே நீலம். டீக்கடை பிஸ்கட் ஜாடியைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம்.

சாயங்காலம் ஷெட் வாசலில் நின்று பார்த்தால் மட்டும் சிரிப்பு வராது. அவர் தட்டியதும் உள்ளே ஐயாயிரம் கோழியின் இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் நடந்துகொண்டே தாழ்ந்த குரலில், "மேல போ கண்ணு… நேரமாச்சு… மேல போ" என்பார். அரை இருட்டில் வரிசை வரிசையாகக் கழுத்துகள் அவர் பக்கமே திரும்பிக்கொண்டு வரும். காற்று இந்தப் பக்கம் வீசினால் வண்டலூர் மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தின் உறுமல் வேறு கேட்கும். நான் கதவைப் பிடித்துக்கொள்வேன். அவர் நடையை நிறுத்த மாட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. அது கூண்டுல கீது, பாவம்."

ஒருநாள் மதியம் அவருக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றும்போதுகூட என் கையை விடவில்லை. "தட்டிட்டுப் போ சார். பேசிக்கினே நட. ஒரே எடத்துல நிக்காதே."

எனக்குக் கோழியோடு பேச வருமா? ஆனால் என் போனில் அவர் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தேன். மூளை வேலை செய்தது. கடைசி மூலையில்தான் பிளக் பாயின்ட்; அங்கே ஒரு ஸ்பீக்கரை வைத்தேன். சாயங்காலம் போனிலேயே ஓடவிட்டு வாசலில் நின்றுகொண்டேன்.

"மேல போ கண்ணு… நேரமாச்சு…"

ஆள் தாம்பரத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில். குரல் இங்கே. கோழிகள் கப்சிப்பென்று ஆயின. பிறகு, மேலே அடைந்திருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஓடவில்லை. சத்தமே இல்லாமல் அந்த மூலையை நோக்கி நடந்தன. தினமும் நடந்துபோகிற குரல் இன்று ஒரே இடத்தில் நிற்கிறதே, ஆளைத் தேடிப் போகின்றன! முன்னால் போனவை சுவரில் முட்டின. பின்னால் வந்தவை அவற்றின்மேல் ஏறத் தொடங்கின.

ஐயையோ, கெடுத்தேனே காரியத்தை! போனை அமுக்கினேன். குரல் நின்றது, குவியல் நிற்கவில்லை. பின்னால் கூண்டுகள் கடகடத்தன.

ஆணியில் அவருடைய நீலச் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டேன். பீடி வாசனை. கதவைத் தட்டினேன். மூலைவரை போய்த் திரும்பி, "மேல போ கண்ணு" என்று நடக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு கோழி திரும்பியது. பிறகு பத்து. பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கால்கள் உமியில் சரசரத்தன. சத்தியமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து சிங்கம் உறுமியது.

"ஒண்ணும் இல்லம்மா, அது கூண்டுல கீது" என்றேன். என் வாயில் 'கீது' வந்தது அன்றுதான்.

மூன்றாவது சுற்றில் எல்லாம் மேலே போய்விட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன்.

"கதவ தட்டினியா சார்?"

"தட்டினேண்ணா."

"பதில் வந்துச்சா?"

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நாலாம் நாள் போய்விட்டார்.

முதலாளி அந்தக் கூண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது சாயங்காலம் நான்தான் போகிறேன், நீலச் சட்டையில். தட்டியதும் இரைச்சல் அடங்குகிறது. கதவைத் திறந்தால் அத்தனை கோழியும் திரும்பிப் பார்க்கின்றன. என்னை அல்ல, என் தோளுக்குப் பின்னால், அவர் முகம் இருக்கக்கூடிய உயரத்தை. முதல் வாரம் நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. உள்ளே போனதும் கதவை உடனே சாத்துவதில்லை, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணா வர வேண்டாமா?