ரத்தக்குழாய் பிய்த்துக்கொண்ட வாரம்

“அம்மா, கீழ வா. உனக்காகத்தான் நாடகமே எழுதியிருக்கேன்.”

“எனக்கென்ன கேடு? போய் உன் வேலையப் பாரு.”

இரண்டு மாதமாக அம்மாவுக்குத் தலைசுற்றல். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். பிரஷர் பார்க்கலாம் வா என்றால் மட்டும் காது கேட்காது. பெற்ற மகன் சொல்லியே கேட்காதவள் நாடகம் பார்த்தா கேட்கப் போகிறாள் என்று ஊரே கேட்டது. அவன் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. பகலில் கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு முத்திரை குத்துகிறவன், மாலையில் இரண்டு நண்பர்களுக்கு டைரக்டர். தகுதி அவ்வளவுதான்.

முதல் நாள், அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் ரத்தக்கொதிப்பு நாடகம். நண்பர்களில் எலக்ட்ரீஷியனுக்கு இதயம் வேஷம், சலூன்காரனுக்கு உப்பு வேஷம். ஓரமாக, அவன் அழைத்து வந்த நர்ஸ் பிரஷர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் காய்ந்த துணி எடுக்க வந்தவர்கள். கருவிக்கு ஒருவரும் கை நீட்டவில்லை.

“தத்ரூபம் பத்தல,” என்றான் டைரக்டர்.

மறுநாள் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை ரத்தக்குழாயாக்கி, நிஜத் தண்ணீரே திறந்துவிட்டான். உப்பு அதன்மேல் ஏறி மிதித்ததுதான் தாமதம், குழாய் பிய்த்துக்கொண்டு கொடியில் கிடந்த அத்தனை துணியையும் நனைத்தது.

“துவைச்சது நானு, காயப்போட்டது நானு! உங்க ரத்தக்கொதிப்ப வேற எங்கயாவது போய்க் காட்டுங்கடா!” என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாத்தியா, ரத்தக்கொதிப்புன்னு வாயால சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க,” என்று டைரக்டர் பூரித்துப்போனான்.

மூன்றாம் நாள் ஒலிபெருக்கி வந்தது. இதயம் துடிக்க வேண்டுமே என்று எலக்ட்ரீஷியன் மைக் முன்னால் தகர டின்னை அரை மணி நேரம் அடித்தான். நைட் ஷிஃப்டுக்கு முன்னால் கண்ணயர்ந்த வாட்ச்மேன் அலறி எழுந்தார். மூன்று வீட்டுக் கைக்குழந்தைகள் அழுதன.

“போதும்டா, மானம் போகுது,” என்றான் உப்பு.

“சும்மா இருடா!” என்று மைக்கைப் பிடுங்கினான் டைரக்டர். “இந்தக் கட்டடத்துல கடைசி ஆள் பிரஷர் பாக்குற வரைக்கும் எங்க நாடகம் ஓயாது! நாளையிலேருந்து வீடு வீடா வந்து நடிப்போம்!”

ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. பாவி மனுஷன், அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டான்.

நாலாம் நாள் மாலை வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முற்றத்தைச் சுற்றி நீள வரிசை. முதல் ஆளாக அம்மா, நர்ஸ் முன்னால் கையை நீட்டிக்கொண்டு!

“நூத்தி எண்பது,” என்றார் நர்ஸ். “இப்பவாவது வந்தீங்களே. இன்னைக்கே டாக்டரப் பாத்துருங்கம்மா.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துணி நனைந்தால் என்ன, மானம் போனால் என்ன, அம்மா பிழைத்தாளே! வரிசையில் நின்ற தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தீங்களாண்ணே, நாடகத்தோட சக்திய?”

“இல்லையா பின்ன!” என்றார் தையல்காரர். “‘எம்புள்ள வாய அடைக்க வேற வழியே இல்ல, ஒருத்தர் விடாம வந்து கைய நீட்டிட்டுப் போயிருங்க’ன்னு காலைலேருந்து உங்கம்மா வீடு வீடா ஏறி இறங்குனாங்களே!”