பவுடரும் பிரியாணிக் கையும்

தோல் கம்பெனி பாய்லர் ஃபேனைத் திறந்த அன்று முதலாளி இருந்தார். தோல் கம்பெனி மேனேஜர் இருந்தார். பாய்லர் ஓட்டும் பாய் இருந்தார். நான் இருந்தேன். பவுடர் இருந்தான்.

பாலாற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும் பவுடர் மாதிரி ஒரு கிறுக்கன் கிடைக்கமாட்டான்.

அவன் பெயர் வேறு. ஆம்பூர் பக்கம் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் பவுடர்தான். நிக்கல், குரோமியம் கலந்த பொடியைத் துப்பாக்கி மாதிரி ஒன்றில் போட்டு, நெருப்போடு இரும்பின் மேல் பீய்ச்சுவான். அது உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சூட்டிலும் இரும்பு லேசில் தேயாது.

நான் வெல்டர். தேய்ந்த இரும்பில் கெட்டி ராடு உருக்கி மேடு கட்டுவேன். அவன் வரும்வரை பட்டறைக்கு நான்தான் ராஜா.

பொடியில் ஈரம் ஏறக்கூடாதாம். முதலாளி அதற்குத் தனி ரூம் கட்டி ஏசி வைத்தார். நெருப்பில் வேகிற எனக்குப் பழைய ஃபேன். பொடிக்கு ஏசி. வயிறு எரியாதா?

பீய்ச்சும் முன் இரும்பை மணல் அடித்துச் சொரசொரப்பாக்குவான். அதன்பின் யாரும் தொடக்கூடாது. கை எண்ணெய் பட்டால் பூச்சு உரிந்துவிடும். வெள்ளைத் துணி போர்த்திக் காவல் நிற்பான். ஒருநாள் முதலாளியே விரலை நீட்டினார். புறங்கையில் பட்டென்று ஓர் அடி.

"இன்னாய்யா, என்னையே அடிக்கிற?"

"கைய எடு சார். மத்தியானம் இன்னா துன்னீங்க?"

"பிரியாணி."

"அந்த நெய் சோப்புக்கெல்லாம் போவாது சார்."

முதலாளி சிரித்தார். நான் கொஞ்சம் லேட்டாக வந்தாலே கத்துகிற மனுஷன்.

வேலை நாளில் பவுடர் பிரியாணி தொடமாட்டான். ஆம்பூரில் பிறந்து, பிரியாணிக் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து தயிர்சாதம் தின்றவன் அவன் ஒருவன்தான். அதையும் ஸ்பூனில்.

பிறகு வேலை குறைந்தது. "ரெண்டு பேருக்குக் கட்டாதுப்பா. ஒருத்தர்தான்" என்றார் முதலாளி. அப்போது தோல் கம்பெனி பாய்லர் ஃபேன் வந்தது. சூட்டுப் புகையை உறிஞ்சுகிற ஃபேன். சாம்பல் அடித்தடித்துப் பிளேடெல்லாம் சல்லடை. ஒன்று விட்டு ஒன்றாக எனக்கு மூன்று, அவனுக்கு மூன்று. எவன் பிளேடு நிற்கிறதோ அவன் பட்டறையில் நிற்பான்.

ஃபேனை மாட்டி ஓட்டி, மழைக்காலம் கழித்துத் திறந்தார்கள். அவன் பிளேடுகளின் முகம் சோறு போட்டுத் தின்னலாம், அப்படி இருந்தது. என்னுடையதில் பள்ளம் பள்ளமாக வரி. ஆனால் சாம்பல் முதலில் வந்து மோதும் ஓரத்தில் அவன் பூச்சு பெயர்ந்திருந்தது. என் ஓரம் அப்படியே இருந்தது.

முதலாளி தலையைச் சொறிந்தார். "இப்ப யார அனுப்பறது?"

பவுடர் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பிளேடின் மேல் வைத்தான்.

"தொட்டுப் பாரு நைனா. முகம் என்னுது. ஓரத்த நீ கட்டு. எங்கள பிரிச்சா பிளேடு நிக்காது சார்."

"கை எண்ணெய்யா இருக்குடா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான்.

முதலாளி யாரையும் அனுப்பவில்லை. ஆறு பிளேடையும் மறுபடி செய்தோம். ஓரம் நான், முகம் அவன்.

போன வருஷம் ஓசூரில் ஒரு பெரிய கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. அதற்கும் எரிந்தது. ஏசி ரூம் இப்போது காலி. நான் அதில் உட்காருவதில்லை.

போன வாரம் தோல் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். ஃபேனைக் காட்டி, "பவுடர்னு ஒருத்தர் இருந்தாராமே, இதுல அவர் செஞ்ச பிளேடு எத்தினி?" என்று கேட்டார்.

"ஆறு."