சேவலின் வேலை

சேவலைக் கொன்ற குற்றத்திலிருந்து டென்சிலை விடுதலை செய்த தனக்கோடி, அதே மூச்சில் சேவலின் வேலையை அவன் தலையில் கட்டினார்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஆஸ்டின் டவுனில் ஒரு சந்து; சந்துக்காரர்களில் பாதிப்பேர் விடிவதற்குள் ஃபேக்டரி பஸ் பிடிக்கிறவர்கள். அவர்களை எழுப்பிவிட்டது பிரிஜெட் வளர்த்த சேவல். கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதிவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்து படுக்கும் டென்சிலுக்கு அதுதான் எமன். ஒருநாள் ஆத்திரத்தில் கல்லை விட்டெறிந்தான். கூண்டு உடைந்தது. சேவலைக் காணோம்.

கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிடையரான தனக்கோடிதான் சந்துக்கு ஜட்ஜ். கொன்றதைப் பார்த்த சாட்சி இல்லை, ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை என்று டென்சிலை விட்டுவிட்டார். கூண்டை உடைத்தது மட்டும் ருசுவானது. புதுக் கூண்டு செய்து கொடுத்தால் தீர்ந்தது என்று அவன் நினைத்தபோதுதான், சேவல் திரும்பும்வரை சந்துக்காரர்களை எழுப்புவதும் அவன் பொறுப்பு என்றார்.

"நான் கொல்லலைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நிரூபிக்கலைன்னு சொன்னேன். தீர்ப்பு சாட்சியைப் பார்த்து. தண்டனை ஆளைப் பார்த்துப்பா."

முதல் நாள் டிரம்பெட் ஊதினான். தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. யார் வீட்டில் சாவு என்று பக்கத்துத் தெருவே கூடிவிட்டது. பிறகு சிவாஜி நகரில் ஒரு சேவல் வாங்கி வந்தான். அது கூவவேயில்லை. கொன்றவன்தானே பதிலுக்கு வாங்குவான் என்று சந்துதான் கூவியது.

வேறு வழியில்லாமல் கதவு கதவாகத் தட்டினான். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பிரிஜெட் மட்டும் லேசில் எழமாட்டாள். வெகுநேரம் தட்ட வேண்டும். ஒருநாள் தாங்காமல், நீயாவது நம்புகிறாயா என்று அவளையே கேட்டான்.

"சந்தேகமாத்தான் இருக்குது," என்றாள். "நாளைக்கும் வந்து தட்டு."

அடுத்த வருஷம் இருவருக்கும் சர்ச்சில் கல்யாணம் நடந்தது.

இப்போது சந்து முழுக்க அடுக்குமாடிகள். எழுப்புவதற்கு ஆளுக்கொரு செல்போன். தனக்கோடியும் போய்ச் சேர்ந்துவிட்டார். டென்சிலுக்கு மட்டும் இன்னும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தட்டத் தட்ட ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிந்ததும், ஸ்டவ் பற்றவைக்கும் கிரசின் வாசனையும், "எழுந்துட்டேன்டா" என்று உள்ளிருந்து வந்த தூக்கக் குரல்களும் நினைவுக்கு வரும். தண்டனை என்றா அதைச் சொல்வது?

ஆனாலும் மனசில் ஒரு முள். ஈஜிபுராவிலிருந்து பிரிஜெட்டின் அக்கா ஜோசஃபின் வந்திருந்தபோது, தான் அந்தச் சேவலைக் கொல்லவில்லை என்று கடைசிவரை ஒருவரும் நம்பவில்லையே எனப் புலம்பினான்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஜோசஃபின் நிமிராமலே சொன்னாள்: "நான் நம்புறேன் தம்பி. நீங்க கதவு தட்ட ஆரம்பிச்ச வாரமே அது தானா திரும்பி வந்துடுச்சாம். இவதான் கூடையில மூடி எடுத்தாந்து, சத்தம் வெளிய வராம வளர்த்துக்கோக்கான்னு எங்கிட்ட குடுத்தா."