பர்மின் வாங்காத சீட்டு

இல்லம்மா, பர்மினைக் கையைக் காலைக் கட்டி யாரும் தூக்கிட்டுப் போகலை. தன் காலால நடந்துதான் சுகாதார நிலையத்துக்குள்ள போனான். கல்யாண வீட்டுக்குப் போடுற பாத்திக் சட்டை வேற. நீ நம்பாட்டி, நம்ம ஊர் கிளாத்தேன் பஸ் நிலையத்துல யாரை வேணா கேட்டுப் பாரு.

அவன் வேன் ஓட்டறவன். அந்த வேன் லேசா முனகினாப் போதும், மெக்கானிக் வாசல்ல போய் நிப்பான். தனக்குன்னா ஒரே வைத்தியம். காய்ச்சலா, உடம்புக்குள்ள காத்து பூந்துருச்சு. தலைசுத்தலா, காத்து பூந்துருச்சு. டச்சுக்காரன் காலத்துச் செப்புக்காசு ஒண்ணு வச்சிருந்தான். முதுகுல தைலத்தைத் தடவி, காத்து வெளியேறணும்னு அந்தக் காசால சிவக்கச் சிவக்க வழிச்சுவிடச் சொல்லுவான். எல்லாரும் செய்யறதுதான், நானும் வழிச்சுக்கறவதான். இவன் எதிர்வீட்டு ஆட்டைக்கூட விடலை. கொடியில காஞ்ச சரோங் கைலியைத் தின்னுட்டுப் படுத்துக் கெடந்த ஆடு அது. மயிரை ஒதுக்கி ஒதுக்கி வழிச்சான். ஆடு எந்திரிச்சு ஒரே முட்டு, ஆளு மீன் குளத்துல. இடுப்புத் தண்ணியில நின்னுக்கிட்டுச் சொல்றான், பாத்தியா, தெம்பு வந்துருச்சுன்னு. சரோங் மறுநாள் தானா வெளிய வந்துச்சு, அது வேற கதை.

எங்க விட்டேன். ஆங், பொண்ணோட காதைச் சொல்ல வந்தேன்.

அவன் மக லாரஸுக்கு ஏழு வயசு. இடது காதுல பத்து நாளா சீழ் வடிஞ்சுது. அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பறதில்லை. அவ அம்மா யாத்துன், சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு ரெண்டு தடவை கிளப்பினா. ரெண்டு தடவையும் பொண்ணு வாசக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடலை. அப்பா போகாத எடத்துக்கு நான் எதுக்கு, எனக்கும் காசு வழிச்சுவிடுங்கறா. குரல்கூட அவங்கப்பன் குரல்.

பர்மினுக்கும் கவலைதான். ஒரே பொண்ணு. ஆனா வாய் விடுமா. புள்ளை வளத்த லட்சணம் இது, நீ சரியா எடுத்துச் சொல்லலைன்னு பொண்டாட்டி மேல பாஞ்சான்.

யாத்துன் முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. தலை நிமிரலை. "பஸ் நிலையத்துல ஊசி போட வந்தாங்களே, அன்னிக்கு நீங்க வேனுக்கு அடியில போய்ப் படுத்தீங்கல்ல, லாரஸப்பா?"

"ரிப்பேர் பாத்தேன்."

"அவ வேனுக்குள்ளதான் இருந்தா. குனிஞ்சு பாத்திருக்கா. அப்பா கையில ஸ்பேனரே இல்லம்மான்னு வந்து சொன்னா."

அன்னிக்கு அவன் சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டான்.

மறுநாள் பெரிய திட்டத்தோட வந்தான். தானும் வைத்தியம் பாக்கப் போற மாதிரி பாவனை பண்றது. சட்டை போட்டுக்கிட்டு, பொண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, பெஞ்சில உக்காந்துக்கறது. பொண்ணோட நம்பர் சீட்டைக் கூப்பிட்டதும், நீ முன்னாடி போம்மா, அப்பா அடுத்ததுன்னு உள்ள அனுப்பிட்டு, நைசா டீக்கடைக்கு நழுவிடறது. எப்படின்னு மீசையைத் தடவினான். யாத்துன் நல்ல யோசனைன்னா. உங்களை மாதிரி யாருக்கு வரும்னா. விடியக்காலமே போய்ப் பொண்ணுக்குச் சீட்டு வாங்கிடறேன், குடும்பத் தலைவர் அட்டை கேப்பாங்க, உங்க அடையாள அட்டையைக் குடுங்கன்னா. அவனும் பெருமையா எடுத்துக் குடுத்தான்.

பெஞ்சு நெறைய ஜனம். பாதிப் பேரு அவன் வேன்ல போறவங்க. வேனை வித்துட்டியா பர்மின், இங்க வந்து உக்காந்திருக்கியேன்னு ஒரு கிழவர் கேட்டார். பர்மின் கௌரவமா, உடம்புன்னு இருந்தா பாத்துக்கணும் பெரியவரேன்னு சொன்னான், பொண்ணுக்குக் கேக்கட்டும்னு வலது காதுப் பக்கமா.

நர்ஸ் கதவைத் தொறந்தா. "பர்மின் யாருங்க? பதினேழாம் நம்பர்."

அவன் யாத்துனைப் பாத்தான். யாத்துன் செவுத்துல ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தை உத்துப் பாத்துக்கிட்டிருந்தா. லாரஸ் அப்பன் கையை விட்டா.

"போங்கப்பா. நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு நான் வர்றேன்."

மொத்தப் பெஞ்சும் பாக்குது. எந்திரிச்சான். வேற என்ன செய்வான்.

சட்டையைத் தூக்கினா முதுகு பூராச் செவப்புக் கோடு. டாக்டர் சின்னப் பொண்ணு, ஆனா சிரிக்கலை. கையில பட்டையைக் கட்டி அமுக்கினா, நூத்துத் தொண்ணூறு. நம்பாம இன்னொரு தடவை அமுக்கினா, அதேதான். "காசு வழிக்கறது தப்பில்லைங்க. ஆனா இதைக் காசு சொல்லாது. இந்த ரத்தக் கொதிப்போட பதினஞ்சு பேரை வச்சு ஓட்டறீங்க"ன்னா. ரத்தம் எடுக்க ஊசியைக் கொண்டாந்தாங்க. வாசல்ல லாரஸ் நின்னு கண் கொட்டாமப் பாக்குறா. அவன் கத்தலை. அழலை. வலது கால் மட்டும் தரையில பிரேக்கைத் தேடித் தேடி மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அது முடிஞ்சதும் அவ தானா உள்ள போனா. தானா முக்காலியில ஏறி உக்காந்து காதைக் காட்டினா. செவிப்பறையில சின்ன ஓட்டை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா காதே கேக்காமப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னா. சொட்டு மருந்து விடணும், தண்ணி படக்கூடாது, திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து காட்டணும். அவனுக்குத் தினம் ஒரு மாத்திரை, மாசம் ஒரு தடவை வரணும்.

திரும்பி வர்ற வழியில, நான் வாங்காத சீட்டு எனக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டான். நீங்கதானே அட்டை குடுத்தீங்கன்னா யாத்துன்.

திங்கக்கிழமை ஒண்ணு தவறாமப் பொண்ணு போனா. சீழ் நின்னுது, ஓட்டையும் மூடிக்கிச்சு. மூணு மாசம் ஆச்சு. ஒரு நாள் பர்மின் டீக்கடை அம்மாகிட்ட, இடது காது தன் பக்கமா இருக்க உக்காந்து அவிச்ச வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்த பொண்ணை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, காத்து மாதிரிக் குசுகுசுன்னு சொன்னான், ரெண்டு நாளா மாத்திரை போடலை, வீட்டுல சொல்லிடாதீங்கன்னு.

லாரஸ் கடலையை உரிச்சபடியே சொன்னா. "அப்பா, எனக்குக் கேக்குது."

கதை கேட்டது போதும் சூமி, தூறல் போடுது பாரு, முத்தத்துல காயற வடகத் தட்டை உள்ள எடுத்துட்டு வா.